300 மீற்றருக்கு அப்பால்: நாவுலயிலிருந்து பார்த்தால் தெரியும் கடற்கரைக் குப்பை

நாவுலயில் கடல் இல்லை. மாத்தளை மாவட்டத்துக்கே கடல் இல்லை. அப்படியிருக்க, கடற்கரைச் சுற்றுலா இடங்களில் சேருகிற குப்பையைப் பற்றி நாங்கள் ஏன் எழுத வேண்டும்? நியாயமான கேள்விதான். ஆனா இலங்கை வரைபடத்தை விரிச்சு இரண்டு கோடுகளைப் பாருங்க.

முதலாவது வீதி. கண்டியிலிருந்து ஏ9 மாத்தளை, நாவுல வழியாகத் தம்புள்ளைக்குப் போகிறது. அங்கிருந்து ஏ6, ஹபரணை, கந்தளாய் தாண்டித் திருகோணமலைக்குப் போகிறது. மலைநாட்டிலிருந்து நிலாவெளிக்கு ட்ரிப் போகிற பஸ்கள் பெரும்பாலும் இந்த வழியாத்தான் போகும். இரண்டாவது தண்ணீர். நாவுலப் பக்கமிருக்கிற போவத்தென்ன நீர்த்தேக்கத்தில் சேருகிற தண்ணீர் ஒரு கடலுக்கு இல்ல, நாட்டின் இரண்டு பக்கக் கடலுக்கும் போகிறது. அதைக் கொஞ்சம் பிறகு பார்ப்போம்.

எங்களுடைய வாதம் இதுதான்: இலங்கையில் கடற்கரையைக் காப்பாற்றிய வரலாறு, கரையோரத்தில் ஒரு எல்லைக்கோடு போட்ட வரலாறு. குப்பை அந்தக் கோட்டுக்கு வெளியே இருந்து வருகிறது. கோட்டுக்கு உள்ளே மட்டும் கூட்டிப் பெருக்கினால் அது முடியாத வேலை.

கோடு போட்ட கதை

இலங்கை சுற்றுலாச் சபை 1966இல் அமைந்தது. அடுத்த வருஷமே பத்தாண்டுத் திட்டம் ஒன்று வந்தது. பெந்தோட்டையை விடுதிக் கரையாக்கினார்கள். ஹிக்கடுவ வெளிநாட்டு இளைஞர்களின் கரையானது. கிழக்கில் பாசிக்குடாவிலும் ஹோட்டல்கள் எழும்பின. அப்போது விற்கப்பட்ட பொருள் மணலும் வெயிலும் பவளப்பாறையும். அந்தப் பொருளே தேய்ந்து போகிறது என்பது சீக்கிரத்திலேயே தெரிய வந்தது. 1979இல் ஹிக்கடுவக் கடற்பரப்பு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது.

1981இல் கரையோரப் பாதுகாப்புச் சட்டம், 57ஆம் இலக்கம், வந்தது. அன்றைய பெரிய கவலை குப்பை அல்ல. கடலரிப்பு, மணல் அள்ளுதல், சுண்ணாம்புச் சூளைக்காகப் பவளம் உடைத்தல் ஆகியவைதான். எனவே சட்டம் நிலத்தை அளந்தது. உயர்நீர் மட்டத்திலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றர், தாழ்நீர் மட்டத்திலிருந்து கடல்பக்கம் 2 கிலோமீற்றர், அதுதான் கரையோர வலயம். ஆறோ களப்போ கடலோடு சேர்கிற இடத்தில் மட்டும் உள்நோக்கி 2 கிலோமீற்றர். மகாவலியின் நீளம் 335 கிலோமீற்றர். அதில் கடைசி 2 கிலோமீற்றர்தான் இந்தச் சட்டத்தின் கணக்கில் கரை.

அரிப்புக்கு இந்தக் கோடு பொருந்தும். எங்கே கட்டலாம், எங்கே கட்டக்கூடாது என்று சொல்லவும் பொருந்தும். 1990களில் ஹிக்கடுவக்கும் ரெக்காவக்கும் ஊர் மக்களையும் சேர்த்துச் சிறப்பு முகாமைத்துவத் திட்டங்கள் செய்தபோதும் இந்தப் பார்வை உதவியது. ஆனா மிதக்கிற பொருளுக்குக் கோடு தெரியாது.

பார்சல் எப்படி மாறியது

எங்கள் அம்மம்மாக்கள் காலத்துச் சோத்துப் பார்சல் வாழை இலையில், மேலே பத்திரிகைத் தாள். சோடா கண்ணாடிப் போத்தலில். வெறும் போத்தலைக் கடையில் குடுத்தால் காசு திரும்பி வரும். பழைய போத்தல் வாங்குகிறவர் வீடு வீடாக வருவார். இதை 'சூழல் நேயம்' என்று யாரும் சொல்லவில்லை. போத்தலுக்கு விலை இருந்தது, அதனால் அது ஆற்றில் விழவில்லை. அவ்வளவுதான்.

1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்ட பிறகு பிளாஸ்டிக் மலிந்தது. வாழை இலைக்குப் பதில் லஞ்ச் ஷீட், பன் பைக்குப் பதில் ஷொப்பிங் பை, அரைப் போத்தல் ஷம்புவுக்குப் பதில் சஷே பக்கற். சஷே ஏழைகளுக்காக வந்த பொருள் என்பதையும் மறக்கக்கூடாது. நாட்சம்பளத்தில் வாழ்கிறவர் மொத்தமாக வாங்க முடியாது. கம்பனி அதைச் சின்னதாக்கி விற்றது, வெறும் பக்கற்றைப் பற்றி யோசிக்கிற வேலையை ஊருக்கு விட்டுவிட்டது.

கிழக்குக் கரைகள் போர்க்காலத்தில் சுற்றுலாவுக்குப் பெரும்பாலும் மூடியே கிடந்தன. 2009இல் நாட்டுக்கு வந்த வெளிநாட்டுப் பயணிகள் 447,890 பேர். 2018இல் 2,333,796 பேர். இந்தக் கணக்கில் உள்நாட்டுப் பயணிகள், அதாவது நாங்கள், இல்லை. பஸ் பிடிச்சு, பார்சல் கட்டி, பாட்டுப் போட்டுக்கொண்டு நிலாவெளிக்கும் மார்பிள் பீச்சுக்கும் போகிற கூட்டம் தனி. நிலாவெளிக்கு எதிரே இருக்கிற புறாத்தீவு 1963இலேயே சரணாலயம், 2003இல் தேசியப் பூங்கா. பெயர்ப்பலகை மாறியது, ஆனால் அங்கே கொண்டுபோகப்படுகிற தண்ணீர்ப் போத்தல் கரைக்கு வெளியே வாங்கப்பட்டது. அது திரும்பிப் போகவேண்டிய இடமும் கரைக்கு வெளியேதான்.

ஒரு நீர், இரண்டு கடல்

இப்ப தண்ணீருக்கு வருவோம். 1976இல் கண்டிக்குக் கீழே பொல்கொல்லவில் மகாவலியை மறித்தார்கள். அங்கிருந்து சுமார் 8 கிலோமீற்றர் சுரங்கம் வழியாக ஒரு பகுதித் தண்ணீர் உக்குவெல மின்நிலையத்துக்கு வந்து சுது கங்கையில் விழுகிறது. சுது கங்கை மாத்தளையைத் தாண்டி வந்து போவத்தென்னவில் தேங்குகிறது. இந்த அபிவிருத்திக்காகத்தான் நாலந்தா கெடிகே என்கிற பழைய கல் கோயிலைக் கல் கல்லாகப் பிரித்து மேட்டில் திரும்பக் கட்டினார்கள். திராவிடக் கட்டடச் சாயலும் பௌத்தமும் சேர்ந்த அந்தக் கோயிலைப் பார்க்க நாவுலக்கு வருகிறவர்களுக்கு, பக்கத்துத் தண்ணீர் எங்கே போகிறது என்று யாரும் சொல்வதில்லை.

போவத்தென்னவிலிருந்து ஒரு பங்கு சுரங்கம் வழியாக வடமேற்கே திரும்பி கலாவெவவுக்குப் போகிறது. கலா ஓயா வில்பத்துக்குத் தெற்கே, கற்பிட்டிப் பக்கத்து மேற்குக் கடலில் சேரும். மற்றப் பங்கு அம்பன் கங்கையாக எலஹெர பக்கம் இறங்கி, திரும்ப மகாவலியோடு கலந்து, மூதூருக்கு அருகே கொட்டியாரக் குடாவில் விழும். டொல்பின் பார்க்கப் போகிற கரை ஒரு பக்கம், திருகோணமலைக் கரை மறு பக்கம். நடுவில் நாவுல.

இந்த நீரின் மேற்பக்கத்தில் கண்டியின் குப்பைமேடு, கொஹாகொட, மகாவலிக் கரையிலேயே பல வருஷமாக இருக்கிறது. அதன் கசிவுநீர் ஆற்றில் சேர்வது பேராதனைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் திரும்பத் திரும்ப எழுதிய விஷயம். பொல்கொல்ல அதற்குக் கீழேதான். ஆக கண்டியின் அழுக்கில் ஒரு பகுதியும் மாத்தளையின் அழுக்கும் நாவுலயைக் கடந்துதான் போக வேண்டும்.

இங்கே நிதானமாகப் பேசணும். நாவுலயில் போட்ட ஒவ்வொரு பக்கற்றும் நிலாவெளியில் கரையொதுங்குகிறது என்று நாங்கள் சொல்லவில்லை. வழியில் அணைகளும் அணைக்கட்டுகளும் நிறையப் பிடித்து வைக்கும். ஆனா பிடித்து வைப்பது தீர்வு அல்ல. அது குளத்தில் கிடந்து, வெயிலில் பொடிந்து, வெள்ளம் வந்தால் கதவு திறக்கிற நாளில் மொத்தமாக இறங்கும். நடுவில் அந்தத் தண்ணீரில்தான் நெல் விளைகிறது, நன்னீர் மீன் வளர்கிறது.

50 கிலோமீற்றர் கணக்கு

2015இல் சயன்ஸ் சஞ்சிகையில் ஒரு ஆய்வு வந்தது. 192 நாடுகளிலிருந்து 2010ஆம் ஆண்டில் மட்டும் 48 இலட்சம் முதல் 127 இலட்சம் தொன் வரை பிளாஸ்டிக் கடலுக்குப் போனதாக மதிப்பிட்டது. சரியாக அகற்றப்படாத பிளாஸ்டிக் பட்டியலில் இலங்கைக்கு ஐந்தாம் இடம். செய்தி பரவியது, அந்த மதிப்பீடு மிகையானது என்ற விவாதமும் எழுந்தது. எங்களுக்கு முக்கியம் வேறொன்று. அந்த ஆய்வு எண்ணியது கடலிலிருந்து 50 கிலோமீற்றருக்குள் வாழ்கிற மக்களை மட்டும். நாவுல அதற்கு வெளியே. சட்டத்தில் 300 மீற்றர், ஆய்வில் 50 கிலோமீற்றர். இரண்டிலும் நாங்கள் இல்லை. பிறகு 2021இல் வந்த இன்னொரு ஆய்வு, ஆறுகள் கொண்டுபோகிற பிளாஸ்டிக்கில் 80 வீதம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆறுகளிலிருந்து வருகிறது, அதில் பெரும்பாலானவை சின்ன ஆறுகள் என்று காட்டியது. பெரிய ஆற்றைக் குற்றம் சொல்லிவிட்டு ஓடையை மறந்துவிட முடியாது.

எல்லாக் குப்பையும் தரையிலிருந்து வருகிறது என்பதும் இல்லை. 2021 மே மாதம் கொழும்புக்கு அப்பால் எரிந்த எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் சுமார் 1,680 தொன் பிளாஸ்டிக் மணிகளைக் கொண்டிருந்தது. மேற்குக் கரை வெள்ளையாக மூடுண்டது. 2025 ஜூலையில் உயர் நீதிமன்றம் கப்பல் தரப்பை 100 கோடி டொலர் இழப்பீடு கட்டச் சொன்னது. கப்பலுக்கு ஒரு பெயர் இருந்தது, வழக்குப் போட முடிந்தது. ஆற்றில் வருகிற சஷேக்கு யார்மேல் வழக்கு?

தடைகளும் ஒரு நல்ல முன்னுதாரணமும்

அரசு சும்மா இருக்கவில்லை. 2007இல் 20 மைக்ரோன் அளவு வரையான மெல்லிய பொலித்தீன் தடை. 2017 சித்திரைப் புத்தாண்டு நாளில் மீதொட்டமுல்லக் குப்பைமேடு சரிந்து 30 பேருக்கு மேல் இறந்த பிறகு, அந்த வருஷமே லஞ்ச் ஷீட்டுக்கும் தடை. 2021இல் சின்ன சஷேக்கள். 2023 ஒக்டோபரில் ஸ்ட்ரோ, கரண்டி, இடியப்பத் தட்டு. பட்டியல் நீளம். கடைக்குப் போய்ப் பார்த்தால் நடைமுறை எவ்வளவு என்பது உங்களுக்கே தெரியும். தடை ஒரு பொருளை நிறுத்தச் சொல்கிறது. போத்தலுக்குத் திரும்பவும் ஒரு விலை வைப்பதோ, பிரித்து எடுப்பதோ வேறு வேலை.

அந்த வேறு வேலைக்கு முன்னுதாரணம் தூரத்தில் இல்லை, மாத்தளையிலேயே இருக்கிறது. 2007இல் மாத்தளை மாநகர சபை, ஐ.நா.வின் எஸ்கப் ஆணைக்குழு, செவனத்த என்கிற அமைப்பு ஆகியவை சேர்ந்து ஒரு வள மீட்பு நிலையத்தைத் தொடங்கின. பங்களாதேஷின் டாக்காவில் வேஸ்ட் கொன்சேர்ன் என்ற நிறுவனம் செய்து காட்டிய முறை அது. விஷயம் எளிது. வீட்டிலேயே ஈரக் குப்பை வேறு, உலர் குப்பை வேறு. ஈரமானது காற்றோட்டமுள்ள பெட்டிகளில் சில வாரங்களில் பசளையாகும். உலர்ந்தது பழைய பொருள் வாங்குகிறவருக்குப் போகும். எஞ்சுகிற கொஞ்சம்தான் மேட்டுக்கு. எங்கள் நாட்டுக் குப்பையில் பாதிக்கு மேல் ஈரக் குப்பை. அதைப் பிரித்தாலே பிளாஸ்டிக் சுத்தமாகக் கிடைக்கும், சுத்தமாகக் கிடைத்தால் அதற்கு விலை வரும்.

கஷ்டமும் உண்டு. மானிய விலையில் இரசாயன உரம் கிடைத்த காலத்தில் பசளையை விற்பது லேசான காரியமில்லை. ஆனா நாவுலயும் தம்புள்ளையும் மரக்கறி விளைகிற மண். பசளைக்கு நிலம் பக்கத்திலேயே இருக்கிறது.

வெளியே பார்த்தாலும் இதே பாடம். பிலிப்பைன்சின் பொராக்காய் தீவை 2018 ஏப்ரலில் ஆறு மாதம் மூடினார்கள். மூடியதைவிட, விடுதிகளின் கழிவுநீரைக் குழாயோடு இணைக்க வைத்ததுதான் பெரிய வேலை, ஏனென்றால் அழுக்கு தொடங்கியது அங்கே. மாலைதீவு 1990களில் ஒரு களப்பையே நிரப்பி திலபுஷி என்ற குப்பைத் தீவை உண்டாக்கியது. விடுதித் தீவுகள் பளிச்சென்று இருந்தன, புகை பக்கத்துத் தீவில் எழுந்தது. அம்பாறையின் பள்ளக்காடு மேட்டில் யானைகள் பிளாஸ்டிக் தின்று இறந்த செய்தியும் இதே வகைதான். ஒரு இடத்தைச் சுத்தமாக வைக்க இன்னொரு இடத்தை அழுக்காக்குவது முகாமைத்துவம் இல்லை.

சட்டப்படி ஊர்க் குப்பையைச் சேர்ப்பது பிரதேச சபையின் கடமை. 1987ஆம் ஆண்டுச் சட்டத்தில், சேர்த்த குப்பை சபையின் சொத்து என்றே இருக்கிறது. ஆனா 2023 மார்ச் முதல் 2025 மே தேர்தல் வரை ஏறக்குறைய நாடு முழுவதும் பிரதேச சபைகளில் தெரிவு செய்யப்பட்ட உறுப்பினர்களே இல்லை. இப்ப இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்க வேண்டியது பெரிய இயந்திரம் அல்ல: ஈரமும் உலர்வும் தனித்தனி நாளில் எடுக்கிற ட்ராக்டர், ஏ9 ஓரத்தில் ட்ரிப் பஸ்கள் நிற்கிற இடத்தில் போத்தலுக்குக் காசு குடுக்கிற ஒரு கூண்டு, ஓடை ஆற்றில் சேர்கிற இடத்தில் ஒரு வலை. கடற்கரையில் ஒரு நாள் கையுறை போட்டுப் படம் எடுக்கிற சிரமதானத்துக்கு வருகிற கூட்டத்தில் பாதி, நாவுலச் சபைக் கூட்டத்தின் பார்வையாளர் கதிரையில் வந்து உட்கார்ந்தால், கொட்டியாரக் குடாவுக்கு அது கூடுதல் உபகாரம்.