ப்ராக்ஸி என்னும் தரகர்

கிருஷ்ணகிரிக்கும் ஓசூருக்கும் நடுவே நெடுஞ்சாலையை ஒட்டிய குந்தாரப்பள்ளி, வாரச்சந்தைக்குப் பேர்போன ஊர். ஆடு வாங்க வந்தவர் ஒதுங்கி நிற்க, தரகர் விலை பேசி முடிப்பது சந்தை வழக்கம். ப்ராக்ஸி சர்வரும் அப்படித்தான்: உலாவி கேட்ட பக்கத்தைத் தன் பெயரில் வெளியே கேட்டு வாங்கி, உள்ளே இருப்பவர் கையில் கொடுக்கும்.

இந்தத் தரகர் பிறந்தது ஜெனீவாவில், செர்ன் ஆய்வகத்தில். ஃபயர்வாலுக்குப் பின்னால் அடைபட்டிருந்த கணினிகளுக்கு வெளியே போக ஒரு வழி வேண்டியிருந்தது. 1994-ல் ஆரி லுவோடனென் செர்னின் வெப் சர்வரிலேயே அந்த வசதியைச் சேர்த்தார். 1996-ல் டுவேன் வெஸல்ஸ் தொடங்கிய ஸ்க்விட், ஒருமுறை வந்த பக்கத்தை வட்டில் வைத்துக்கொண்டு அடுத்தவருக்கும் கொடுக்கும் வேலையைப் பெரிய அளவில் செய்தது.

நம் நாட்டுக்கு அதுதான் தேவைப்பட்டது. 1995 ஆகஸ்ட் 15 அன்று அரசு நிறுவனமான விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்தபோது, சென்னை உட்பட நான்கு பெருநகரங்களில்தான் கிடைத்தது. டயல்-அப் வேகம் 9.6 கிலோபிட். பின்னால் 56 கிலோபிட் மோடம் வந்தும் 100 கிலோபைட் படம் ஒன்று இறங்கக் கால் நிமிடம் ஆனது. 1998 நவம்பரில் தனியார் நிறுவனங்களுக்கும் இணையச் சேவை வழங்க அனுமதி கிடைத்த பிறகு பிரவுசிங் சென்டர்கள் பெருகின. ஒரே இணைப்பைப் பத்துப் பேர் பகிர்ந்தார்கள். விண்டோஸ் வைத்திருந்தவர்களுக்கு வின்கேட் என்ற ப்ராக்ஸி, லினக்ஸ் பழகியவர்களுக்கு ஸ்க்விட். முதல் ஆள் பார்த்த தேர்வு முடிவுப் பக்கத்தின் படங்கள் இரண்டாம் ஆளுக்கு உடனே வந்தன.

பிறகு அரசின் பார்வை தரகர் மேல் விழுந்தது. 2011-ல் வந்த சைபர் கஃபே விதிகள், வாடிக்கையாளர் பார்த்த தளங்களின் வரலாற்றையும் ப்ராக்ஸி சர்வரின் பதிவுகளையும் ஓராண்டாவது பாதுகாக்கச் சொல்லின. காசை மிச்சப்படுத்த வந்த கருவி சாட்சியாக நிறுத்தப்பட்டது. அதைவிடப் பெரிய அடி, தகவலைப் பூட்டி அனுப்பும் எச்டிடிபிஎஸ்ஸிடமிருந்து வந்தது. பூட்டிய பொட்டலத்தைத் தரகர் பிரித்துப் பார்க்க முடியாது. பார்க்க முடியாததைச் சேமித்து வைத்துப் பயனில்லை. 2018-ல் குரோம் பூட்டில்லாத தளங்களைப் ‘பாதுகாப்பற்றவை’ என்று குறிக்கத் தொடங்கியது. அதற்கு முன்பே, 2016-ல் ஜியோ வந்து டேட்டாவை மலிவாக்கிவிட்டது. பிரவுசிங் சென்டர்கள் பல, ஜெராக்ஸ் கடையாகவும் ஆன்லைன் விண்ணப்ப மையமாகவும் மாறின.

இன்றும் ப்ராக்ஸி தேவைப்படும் சிறு அலுவலகத்துக்கு ஸ்க்விட் அளவுக்கு ஏற்பாடு பெரும்பாலும் வேண்டியதில்லை. 1998 முதல் இருக்கும் டைனிப்ராக்ஸி போதும். பக்கங்களைச் சேமிக்காது, ஏறத்தாழ 2 மெகாபைட் நினைவகத்தில் ஓடும், பழைய லினக்ஸ் கணினியே தாராளம். வழக்கமான போர்ட் 8888. நிறுவுவது ஒரே கட்டளை, அமைப்பது ஒரே கோப்பு. அந்தக் கோப்பில் யாருக்கு அனுமதி, யாருக்குத் தடை என்று ஒரு வரியும் இல்லையென்றால், சர்வரை எட்டக்கூடிய எவருக்கும் கதவு திறந்திருக்கும். முன்பின் தெரியாதவர் செய்யும் வம்பும் உங்கள் முகவரியில்தான் பதிவாகும். ஆகவே நிறுவுகிறவர்கள் முதலில் அனுமதி வரியில் தங்கள் உள்வலை முகவரியை எழுதிவிட்டு, அதன் பிறகு சர்வரை ஓடவிடுங்கள்.