இருதயக் கதவின் கசிவு

இருதயத்திற்கு இரத்தம் ஊட்டும் குழாயில் அடைப்பு நேர்ந்தால், அதை நீக்கிவிட்டால் போதும் என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். அடைப்பு நீங்கிய பின்னும் ஆயுளைப் பாதிக்கக்கூடியது வேறொன்று உண்டு என்பதை மருத்துவ உலகம் படிப்படியாகவே உணர்ந்தது. அவ்வரலாற்றைச் சிறிது காண்போம்.

இருதயத்தின் இடப்புற மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே இரு மடல்கள் கொண்ட கதவு ஒன்று உள்ளது. பதினாறாம் நூற்றாண்டில் வெசேலியஸ் அதனைக் கிறிஸ்தவ ஆயர்கள் அணியும் மைட்டர் என்னும் முடிக்கு ஒப்பிட்டார்; மைட்ரல் வால்வு என்ற பெயர் நிலைத்தது. கீழறை சுருங்கும்போது இது சரியாக மூடாவிடில், இரத்தம் மேலறைக்கே திரும்பிக் கசியும். 1816இல் பாரிஸில் லயென்னெக் ஸ்டெதஸ்கோப்பைக் கண்டபின் கசிவின் ஓசையைக் கூர்ந்து கேட்க வழி பிறந்தது. 1953இல் சுவீடனில் எட்லரும் ஹெர்ட்ஸும் ஒலியலையின் துணையால் இருதயத்தின் அசைவைப் பதிவு செய்தனர். இன்றைய ‘எக்கோ’ பரிசோதனைக்கு அதுவே வித்து.

அடைப்பைக் கடக்கும் வழிகளும் வளர்ந்தன. 1967இல் அமெரிக்காவின் கிளீவ்லண்டில் ஃபவலோரோ, காலின் சிரையைக் கொண்டு இரத்தத்திற்கு மாற்றுப்பாதை அமைத்தார். 1975இல் சென்னைப் பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் டாக்டர் கே. எம். செரியன் அத்தகைய சிகிச்சையை நம் நாட்டில் செய்துகாட்டினார். 1977இல் ஜூரிச்சில் குருன்ட்ஸிக், மார்பைத் திறவாமலே சிறு பலூனால் அடைப்பை விரித்தார்.

ஆயினும் ஒரு கேள்வி எஞ்சியது. மாரடைப்பில் தசை நலிந்து கீழறை விரியும்போது, மடல்கள் பழுதற்றிருந்தும் ஒன்றோடொன்று பொருந்துவதில்லை. நிலை சாய்ந்த வீட்டில் நல்ல கதவும் மூடாதல்லவா? மாரடைப்புக்குப் பின் சிறு கசிவுள்ளவர்களிடையேகூட மரணம் மிகுந்திருந்ததை 1997இல் வெளியான ஓர் ஆய்வு காட்டிற்று. பலூன் முதலிய சிகிச்சைகளுக்குப் பின்னரும் கசிவுள்ளோரின் ஆயுள் குறைந்திருந்ததை 2002இல் வந்த ஆய்வு தெரிவித்தது.

அப்படியாயின் கதவையும் சேர்த்துச் செப்பனிட்டால் ஆயுள் நீளுமா? நடுத்தரக் கசிவுள்ளவர்களுக்கு மாற்றுப்பாதைச் சிகிச்சையுடன் வால்வையும் சீர்செய்து பார்த்தனர். கசிவு குறைந்தது, ஆனால் ஈராண்டு முடிவில் பிழைத்திருந்தோர் தொகையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என 2016இல் அறிவிக்கப்பட்டது. கசிவு நோய்க்குக் காரணம் மட்டுமன்று, தசையின் நலிவுக்குச் சாட்சியுமாகும் என்பதே இதனால் நாம் பெறும் பாடம்.

ஆகவே, அடைப்பு நீங்கியதென்று மனநிறைவு கொள்ளுமுன், கசிவு உண்டா, எவ்வளவு என்று மருத்துவரைக் கேட்டறிவோம். உத்தியோகத்தின் பொருட்டு ஊர்விட்டு ஊர் செல்லும் நாம், எக்கோ அறிக்கையையும் உடன் கொண்டு செல்வோம். மொழி மாறினாலும் அவ்வறிக்கையின் அளவுகள் மாறுவதில்லை.