நம் வீட்டுக் குரல்கள் யாருக்குச் சொந்தம்?



மதரஸாவில் ஃபிக்ஹுப் பாடத்தின் வணிகப் பகுதியைத் தொடங்கும்போது, விற்பனைக்கும் வாடகைக்கும் உள்ள வேறுபாட்டையே முதலில் பிள்ளைகளுக்கு விளக்குகிறோம். பைஉ என்பது பொருளையே கைமாற்றுவது. இஜாரா என்பது அப்பொருளின் பயனை மட்டும் குறித்த காலத்துக்குக் குறித்த கூலிக்குத் தருவது. விலைக்கு வாங்கியவர் அதை இரவல் கொடுக்கலாம், ஹிபாவாக வழங்கலாம், வக்ஃபு செய்யலாம். அவர் மறைந்தபின் அது வாரிசுகளைச் சேரும். வாடகைக்கு எடுத்தவருக்கோ தவணை முடிந்ததும் கையில் ஒன்றும் மிஞ்சாது. வீடு, மாடு, வண்டி என்று உதாரணம் சொல்லிப் பழகிய இந்தப் பாடத்துக்கு இன்று புதிய உதாரணம் ஒன்று கிடைத்திருக்கிறது: கைப்பேசியில் மாதச் சந்தா கட்டிக் கேட்கும் பாட்டு.

இசைக்கருவிகள் கூடுமா கூடாதா என்பதில் உலமாக்களிடையே உள்ள கருத்து வேறுபாட்டுக்குள் நாம் இங்கே போகவில்லை. கிராஅத், பயான், முனாஜாத்து, இஸ்லாமியப் பாடல் ஆகியவற்றை நம் குடும்பங்கள் எவ்வாறு கையில் வைத்திருந்தன, இப்போது எவ்வாறு வைத்திருக்கின்றன என்பதே நம் கேள்வி.

வாடகைக்குக் கேட்பது புதிய வழக்கமன்று. 1902-இல் கல்கத்தாவில் கௌஹர் ஜானின் குரல் பதிவான நாள்தொட்டு நெடுங்காலம், இசைத்தட்டு வசதி படைத்தோரின் பொருளாகவே இருந்தது. அரக்கில் செய்த அந்தத் தட்டு நிமிடத்துக்கு 78 முறை சுற்றும். ஒரு பக்கத்தில் சுமார் மூன்று நிமிடமே அடங்கும். பெரம்பலூரும் அரியலூரும் அன்று திருச்சி மாவட்டத்து ஊர்கள். கிராமபோன் பெட்டி இருந்த வீடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். மற்றவர்கள் நிக்காஹ் வீட்டுப் பந்தலில் ஒலிபெருக்கிக்காரர் வைக்கும் தட்டைக் கேட்டார்கள். கருவியோடு தட்டும் வாடகைக்கே வந்து போகும். 1939-இல் தொடங்கிய திருச்சி வானொலியும், இலங்கை வானொலியின் முஸ்லிம் சேவையும் அதன்பின் துணைக்கு வந்தன. நாகூர் இ.எம். ஹனீஃபா (1925–2015) அவர்களின் கணீர்க் குரலை அறியாத முஸ்லிம் வீடு தமிழகத்தில் இல்லை எனலாம். ஆனால் அவருடைய இசைத்தட்டை விலைகொடுத்து வாங்கி வைத்திருந்த வீடுகள் சிலவே.

அந்நிலையை மாற்றியது கேசட். ஃபிலிப்ஸ் நிறுவனம் 1963-இல் வெளியிட்ட அந்தச் சிறு பெட்டி, நம் பகுதிக்குப் பெருமளவில் வந்து சேர்ந்தது வளைகுடாப் பயணங்களோடுதான். லெப்பைக்குடிக்காடு, வி.களத்தூர் போன்ற ஊர்களிலிருந்து கடல் கடந்து சென்றவர்கள் விடுமுறைக்கு வரும்போது வானொலியும் கேசட்டும் சேர்ந்த டூ-இன்-ஒன் பெட்டியைச் சுமந்து வந்தார்கள். வீட்டின் மாடக்குழியில் ஹனீஃபாவின் பாடல்களும், காரி அப்துல் பாஸித் அவர்களின் கிராஅத்தும், மீலாது மேடை பயான்களும் அடுக்கடுக்காய்ச் சேர்ந்தன. பக்கத்து வீட்டார் கேட்டால் இரவல் கொடுத்தார்கள். மகள் புகுந்த வீட்டுக்குப் போகும்போது நான்கைந்தைப் பெட்டியில் வைத்து அனுப்பினார்கள். ஃபிக்ஹு நூலில் ஆரிய்யத், ஹிபா என்று படிப்பதெல்லாம் நடுவீட்டில் இயல்பாக நடந்தேறின.

கேசட்டின் பின்விளிம்பில் இரண்டு சிறு பிளாஸ்டிக் இதழ்கள் இருக்கும். அவற்றை ஒடித்துவிட்டால் அதன்மேல் வேறெதையும் பதிய முடியாது. ஒடித்த இடத்தில் ஒட்டுத்தாளை ஒட்டினால் மறுபடியும் பதியலாம். காசு கொடுத்து வாங்கிய சினிமாப் பாட்டை அழித்து அதன்மேல் ஜும்ஆ பயானைப் பதிந்த அத்தாமார்கள் உண்டு. பயானின் மேல் சினிமாப் பாட்டைப் பதிந்து அடி வாங்கிய பிள்ளைகளும் உண்டு. சொந்தப் பொருள் என்றால் அதை அழிக்கும் உரிமையும் அதில் அடங்கும்.

அந்தக் காலத்தை முழுவதும் போற்றிவிடவும் முடியாது. கடைத்தெருவின் ஒலிப்பதிவு நிலையத்தில் வெற்று கேசட்டையும் பாட்டுப் பெயர் எழுதிய துண்டுச்சீட்டையும் கொடுத்தால் மறுநாள் பதிந்து தருவார்கள். அதில் பாடியவருக்கோ எழுதியவருக்கோ ஒரு காசும் போய்ச் சேரவில்லை. 1988 டிசம்பரில் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாதமி, நூலாசிரியர் உரிமை போன்ற கண்ணுக்குப் புலப்படாத உரிமைகளும் ஷரீஅத்தில் மதிக்கப்படுபவை, அவற்றில் அத்துமீறக் கூடாது என்று தீர்மானித்தது. கேசட் நம்முடையது என்பதும், அதிலிருந்த பாட்டு நம்முடையதா என்பதும் வெவ்வேறு கேள்விகள் என்பதை அன்று நாம் பெரிதாக எண்ணவில்லை.

கேசட்டுக்குப் பின் குறுந்தகடு வந்தது, எம்பி3 வந்தது. இந்தியாவில் பாட்டை இணையத்தில் விலைக்கு விற்க முயன்றவர்களும் உண்டு. ஃபிளிப்கார்ட் நிறுவனம் 2012-இல் ஃபிளைட் என்ற பெயரில் எம்பி3 கடையைத் திறந்து, 2013-இல் மூடிவிட்டது. ஆயினும் அங்கே வாங்கிய பாட்டைக் கணினியில் இறக்கி வைத்துக்கொண்டவருக்கு நட்டமில்லை. கடை போனது, பாட்டு நின்றது. அடுத்து வந்த சந்தாச் செயலிகளின் கதை வேறு. கானா 2022-இல் இலவசச் சேவையை நிறுத்திச் சந்தாதாரர்களுக்கு மட்டும் என்றது. ரெஸ்ஸோ 2024 ஜனவரியோடு இந்தியாவில் நின்றது. அதே ஆண்டில் ஏர்டெல் தன் விங்க் செயலியை மூடப்போவதாக அறிவித்தது. 2019-இல் இந்தியாவுக்கு வந்த ஸ்பாட்டிஃபையில் பாட்டை இறக்கி வைத்தாலும், 30 நாளுக்கு ஒருமுறையாவது இணையத்தோடு இணையாவிட்டால் அது ஒலிக்காது. இவர்கள் யாரையும் ஏமாற்றிவிட்டதாக நாம் சொல்லவில்லை. அவர்கள் செய்தது இஜாரா, அதையும் ஒப்பந்தத்தில் எழுதியே கொடுத்தார்கள். அதை விற்பனை என்று எண்ணிக்கொண்டது நாம்தாம்.

பழைய கிராமபோன் கம்பெனி இன்று சரிகம என்ற பெயரில் இயங்குகிறது. 2017-இல் அது 5000 பழைய பாடல்களை உள்ளடக்கி, பார்வைக்குப் பழைய வானொலி போன்றதொரு பெட்டியைக் காரவான் என்ற பெயரில் விற்கத் தொடங்கியது. இணையம் வேண்டாம், சந்தா வேண்டாம், பொத்தானைத் திருகினால் பாடும். கைப்பேசி நிறையப் பாட்டு இருந்தும் பெரியவர்கள் அதை விரும்பி வாங்கியது ஏன் என்று நாம் வியக்கவில்லை.

குர்ஆனின் ஒலிப்பதிவு வரலாற்றிலும் நமக்கு ஒரு பாடம் உண்டு. ஹிஜ்ரி 12-ஆம் ஆண்டளவில் நடந்த யமாமா போரில் குர்ஆனை மனனம் செய்திருந்த பலர் ஷஹீதானபோது, உமர் (ரலி) அவர்களின் வற்புறுத்தலால் கலீஃபா அபூபக்கர் (ரலி) அவர்கள், ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்களைக் கொண்டு குர்ஆனை ஏட்டில் தொகுத்தார்கள். நெஞ்சில் இருந்தது ஏட்டிலும் இருக்கட்டும் என்பதே அதன் நோக்கம். 1959-இல் எகிப்தின் லபீப் அஸ்ஸயீத் இதையே முன்மாதிரியாகக் கொண்டு, குர்ஆன் முழுவதையும் குரலில் தொகுக்க வேண்டும் என்று முன்மொழிந்தார். ஷைகு மஹ்மூத் கலீல் அல்ஹுஸரி அவர்கள் ஓதிய முழுக் குர்ஆன் 1961-இல் இசைத்தட்டுகளாக வெளிவந்தது. தேர்ந்த உஸ்தாதுகள் இல்லாத தொலைவூர்களிலும் பிள்ளைகள் சரியான தஜ்வீதைக் கேட்க அது வழிசெய்தது. இன்று அதே ஓதல் கோப்புகளாக இலவசமாகக் கிடைக்கிறது. இறக்கி வைத்துக்கொள்ளத் தடையில்லாதபோதும், நம்மில் பெரும்பாலோர் ஒவ்வொரு முறையும் இணையத்திலேயே தேடிக் கேட்கிறோம். இது நம் சோம்பலன்றி வேறென்ன?

ஆயினும் ஹனீஃபாவும் ஹுஸரியும் எங்கேயும் தொலைந்துவிட மாட்டார்கள். நமக்கு மெய்யான கவலை தருபவை எந்தச் செயலியிலும் இல்லாத குரல்கள். தொலைபேசி அழைப்பு எட்டாத விலையில் இருந்த அந்நாட்களில், வளைகுடாவிலிருந்து கடிதத்துக்குப் பதிலாகக் கேசட்டில் பேசி அனுப்பினார்கள். ஊருக்கு வருபவர் கையில் கொடுத்தனுப்பிய அந்தக் கேசட்டைச் சுற்றிக் குடும்பமே உட்கார்ந்து கேட்டது. மறுபக்கத்தில் வீட்டார் பேசிப் பதிந்து திருப்பி அனுப்பினார்கள். ஊர்ப் பள்ளிவாசலில் அன்றைய ஹஜ்ரத் செய்த பயானும், திருமண வீட்டில் பெண்கள் பாடிய பாட்டும் அவ்வாறே பதிவாயின. இவற்றுக்குப் படி கிடையாது. பரண்மேல் கிடக்கும் அந்த ஒற்றை நாடா மட்டுமே உண்டு. அதன்மேல் பூசிய இரும்பு ஆக்சைடு உதிரும், ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்கும். வெள்ளையடிக்கும்போது பழைய இரும்புக்காரருக்குப் போய்விடுவதும் உண்டு.

இதைக் காப்பதற்குப் பெரும் பொருட்செலவு தேவையில்லை. ஓடும் நிலையிலுள்ள ஒரு டேப் ரிக்கார்டரும், அதன் ஹெட்ஃபோன் துளையிலிருந்து கணினிக்குச் செல்லும் ஒரு கம்பியும், இலவசமாகக் கிடைக்கும் ஆடாசிட்டி மென்பொருளும் போதும். நாடா முழுவதும் ஓடும் நேரம் அளவுக்கு ஒருவர் உடனிருக்க வேண்டும். விரைவாக முடிக்க வழியில்லை. ஒரு மணி நேரப் பதிவு குறுந்தகட்டின் தரத்தில் சுமார் 635 எம்பி வரும். இரண்டு இடங்களில் படியெடுத்து வையுங்கள். நாடாவில் பூஞ்சணம் தெரிந்தால் ஓட்டிப் பார்க்காமல் விவரம் அறிந்தவரிடம் கொடுங்கள்.

பதிந்ததும் யூடியூபில் ஏற்றிவிட அவசரப்பட வேண்டாம். கணவர் மனைவிக்குச் சொன்னதும், மகன் கடன் பற்றித் தாயிடம் சொன்னதும் அதில் இருக்கும், அவை அமானிதம். பேசியவரோ அவருடைய வாரிசுகளோ ஒப்பினால் மட்டுமே வெளியார் காதுக்குப் போக வேண்டும். கோப்புக்குப் பேசியவர் பெயரையும் ஊரையும் ஆண்டையும் இடுங்கள். கேசட் உறையின் மேல் எழுத்து மங்கியிருந்தால் வீட்டிலுள்ள நன்னியை அருகில் அமர்த்திக்கொண்டு ஓட்டுங்கள். பின்னால் இருமுபவர் யார், பாட்டை எடுத்துக்கொடுப்பவர் யார் என்பதை அவர்களால்தான் சொல்ல முடியும்.