குறுவால் எலியும் முதுகுநாண் புற்றும்

விலங்கியல் பயிலும் நம் மாணவர் முதுகுநாண் என்னும் சொல்லைப் பரீட்சைக்கென நெட்டுருச் செய்து, பரீட்சை முடிந்ததும் மறந்துவிடுவர். கருவில் வளரும் சிசுவின் முதுகுப்புறத்தே முதலில் தோன்றி, முள்ளந்தண்டு உருவாகும்போது மறையும் மெல்லிய தண்டு அது. முற்றாக மறைவதன்று, முள்ளென்புகளுக்கு இடைப்பட்ட தட்டுகளின் நடுவே கூழாக எஞ்சும். சிலரிடத்து மண்டையோட்டின் அடியிலும் முள்ளந்தண்டின் அடியிலும் அதன் துணுக்குகள் கிடக்கும். மிக அரிதாக, பத்து இலட்சம் பேருள் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒருவரிடத்து, அங்கே என்பை அரிக்கும் புற்றுநோய் பிறக்கின்றது.

1857 இல் செருமானிய நோயியலறிஞர் ருடோல்ப் வீர்ச்சோ மண்டையோட்டின் அடியில் கூழ்போன்ற சிறு கட்டிகளைக் கண்டார். அவற்றின் கலங்களில் குமிழிகள் நிறைந்திருந்தன. அவை கசியிழையத்தில், அதாவது குருத்தெலும்பில், தோன்றியவை என்பது அவர் துணிபு. மறு ஆண்டே ஹைன்ரிக் முல்லர், அவை முதுகுநாணின் எச்சமே என்றார். பேராசான் ஒருவர் கூறியதை மறுத்துரைப்பார்க்கு உடனே செவிசாய்ப்பவர் எக்காலத்தும் சிலரே. 1894 இல் ஹூகோ ரிபேர்ட் முயல்களின் முள்ளென்பிடைத் தட்டைத் துளைத்து, வெளிப்போந்த கூழ் அத்தகைய கட்டியாக வளர்வதைக் காட்டிய பின்னரே முல்லர் கூற்று வலுப்பெற்றது.

இனி நாம் பாரிஸ் நகரத்து இரேடியம் நிலையத்துக்குச் செல்லவேண்டும். உருசியாவினின்று புலம்பெயர்ந்த சத்திரவைத்தியரான நடெஸ்டா டொப்ரொவொல்ஸ்காயா-சவாட்ஸ்காயா அங்கே சுண்டெலிகள்மீது எக்ஸ் கதிர்களைப் பாய்ச்சி, அவற்றின் வழித்தோன்றல்களை ஆராய்ந்தார். குறுகிய வாலுடைய எலியொன்றை அவர் 1927 இல் அறிவித்தார். இக்குறைபாட்டுக்குக் கிரேக்கச் சொற்களால் 'பிரக்கியூரி', குறுவால், என்று பெயர் வழங்கிற்று. தாய் தந்தை இருவரிடமிருந்தும் இக்குறையைப் பெற்ற சிசு, முதுகுநாண் உருவாகாமல் கருவிலேயே இறப்பதை 1935 இல் செஸ்லி விரித்துரைத்தார். புற்றுநோயை ஆராயும் நிலையத்தில் பிறந்த இவ்வெலிக்கும் புற்றுநோய்க்கும் தொடர்புண்டென அன்று எவரும் எண்ணினாரல்லர்.

1990 இல் ஹெர்மன் முதலியோர் அப்பரம்பரையலகைப் பிரித்தெடுத்தனர். அது ஆக்கும் புரதம் டி.என்.ஏயைப் பற்றுவது என்பது 1993 இல் தெளிவாயிற்று. இவ்வகைப் புரதங்களைப் படியெடுப்புக் காரணிகள் என்பர். சுவடிகள் நிறைந்த அறையில் எச்சுவடியை எப்போது பெயர்த்தெழுதுக என ஏவும் கண்காணியை ஒப்பன அவை. முதுகுநாண் மறைந்தபின் அடங்கவேண்டிய இக்கண்காணி, புற்றுக்கலத்தில் அடங்காது ஏவிக்கொண்டேயிருக்கின்றது.

2006 இல் வெளிவந்த ஆய்வு, முதுகுநாண் புற்றில் பிரக்கியூரி உண்டெனவும், கசியிழையப் புற்றில் அஃது இல்லையெனவும் காட்டிற்று. வீர்ச்சோவுக்கும் முல்லருக்கும் இடையே எழுந்த வழக்கு இவ்வாறு 148 ஆண்டுகளின் பின் நுணுக்குக்காட்டியின் கீழ் முடிந்தது. நோய் வழிவழி வரும் சில குடும்பங்களில் இப்பரம்பரையலகு இரட்டித்திருப்பது 2009 இல் அறியப்பட்டது.

காரணம் தெரிந்தும் மருந்து எளிதில் வாய்க்கவில்லை. மருந்து சென்று பொருந்தத்தக்க ஆழ்ந்த குழிகள் இத்தகைய புரதங்களில் அரியன. ஆதலின் சத்திரசிகிச்சையும் கதிர்ச்சிகிச்சையுமே இன்றும் முதன்மையாக நிற்கின்றன.