ஷவர், வாஷர், லாக்கர்: ஒரு நகரசபைக் கணினியின் கதை

ரொம்ப நாளாக எழுத வேண்டும் என்று நினைத்துத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த விஷயம் இது. போன வாரம் பழைய சகா ஒருவர் போன் பண்ணி, "அந்த ஆயிரம் மெயில் ஞாபகம் இருக்காடா?" என்று சிரித்தார். சரி, இனியும் தள்ளிப்போட வேண்டாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் அந்த ஆயிரம் மெயில். பல வருஷங்களுக்கு முன்னால் நான் வேலை பார்த்த சின்ன கம்பெனிக்கு ஒரு நகராட்சியின் வலைத்தளத்தைப் பராமரிக்கும் ஒப்பந்தம் கிடைத்தது. எந்த ஊர் என்று கேட்காதீர்கள். தளத்தில் 'உங்கள் குறைகளைத் தெரிவியுங்கள்' என்று ஒரு பக்கம் இருந்தது. எழுதி பட்டனை அழுத்தினால் 'தங்கள் புகார் பெறப்பட்டது, நன்றி' என்று பச்சை எழுத்தில் வரும். அது எங்கே போய்ச் சேருகிறது என்று அலுவலகத்தில் யாருக்கும் தெரியவில்லை. அந்த மின்னஞ்சல் பெட்டியை ஏற்படுத்தியவர் மாற்றலாகிப் போய்விட்டார், கடவுச்சொல்லும் அவரோடு போய்விட்டது. நாங்கள் ஒரு வழியாகத் திறந்து பார்த்தபோது படிக்கப்படாத கடிதங்கள் ஆயிரத்துக்கு மேல் இருந்தன. ஒருத்தர் தன் தெருவிளக்கு எரியவில்லை என்று ஐந்து முறை எழுதியிருந்தார். ஐந்தாவது கடிதம், "முந்தைய நான்கு கடிதங்களும் வந்து சேரவில்லை போலும், தொந்தரவுக்கு மன்னிக்கவும்" என்று தொடங்கியது.

அதைப் படித்த அன்று எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. ஒரு நகரசபை மக்களோடு கணினி வழியாகப் பேசுவது என்பதை உலகத்தில் யார் முதலில் ஒழுங்காகச் செய்து பார்த்தார்கள் என்று தேட ஆரம்பித்தேன். தேடல் போய் நின்ற இடம் சாண்டா மோனிகா.

கலிபோர்னியாவில், லாஸ் ஏஞ்சலீஸுக்கு மேற்கே பசிபிக் கடலை ஒட்டி இருக்கிற சின்ன நகரம் அது. 1990-ல் அங்கே சுமார் 87,000 பேர் இருந்தார்கள். வாடகைக்கு இருப்பவர்களே அதிகம். 1979-ல் போராடி வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் கொண்டுவந்த ஊர், அதனால் அரசியல் சண்டைக்குப் பஞ்சமே இல்லை. எண்பதுகளில் பெரிய சண்டை வீடற்றவர்களைப் பற்றி. கடற்கரை ஊர், குளிர் குறைவு, மேட்டில் பாலிசேட்ஸ் பார்க் என்று நீளமான பூங்கா. வீடில்லாத நிறைய பேர் அங்கே வந்து தங்கினார்கள். "எங்கள் பூங்காவை மீட்டுத் தாருங்கள்" என்று ஒரு கூட்டம், "அவர்களும் மனிதர்கள்தானே" என்று இன்னொரு கூட்டம்.

இந்த ஊர் நகரசபையின் தகவல் அமைப்புத் துறைக்குத் தலைவராக இருந்தவர் கென் பிலிப்ஸ். சபை உறுப்பினர்களும் ஊழியர்களும் ஏற்கனவே உள்ளுக்குள் மின்னஞ்சலில் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கதவை ஊர் மக்களுக்கும் திறந்துவிட்டால் என்ன என்பதுதான் அவருடைய யோசனை. ஹியூலட் பேக்கர்ட் கணினிகளை இனாமாகக் கொடுத்தது. மெட்டாசிஸ்டம்ஸ் என்ற நிறுவனம் கூட்டாக உரையாடுவதற்கான 'காக்கஸ்' மென்பொருளைக் கொடுத்தது. 1989 பிப்ரவரியில் 'பப்ளிக் எலக்ட்ரானிக் நெட்வொர்க்', சுருக்கமாக 'பென்', தொடங்கியது. வைய விரிவு வலையை டிம் பெர்னர்ஸ் லீ அப்போதுதான் ஜெனீவாவில் காகிதத்தில் முன்மொழிந்துகொண்டிருந்தார் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பென்னில் படம் கிடையாது, மவுஸ் கிடையாது. கறுப்புத் திரையில் வெறும் எழுத்து, அவ்வளவுதான்.

வீட்டில் கணினியும் மோடமும் வைத்திருந்தவர்கள் போன் போட்டு நுழையலாம். நகரசபைக் கூட்ட நிகழ்ச்சிநிரல் பார்க்கலாம், நூலகத்தில் எந்தப் புத்தகம் இருக்கிறது என்று தேடலாம், நகரசபைக்குக் கடிதம் எழுதலாம். அதற்குப் பதிலும் வரும்! (இந்த ஆச்சரியக்குறி ஏன் என்று மேலே இரண்டாவது பத்தியைப் படித்தவர்களுக்குப் புரியும்.) இவற்றையெல்லாம் விட ஜனங்களை இழுத்தது பொது உரையாடல் பகுதிதான். சபை உறுப்பினரும் சாதாரண ஆளும் ஒரே திரையில் வாக்குவாதம் பண்ணலாம்.

கணினி இல்லாதவர்கள் என்ன செய்வது? அதற்கும் யோசித்திருந்தார்கள். நூலகங்களிலும் முதியோர் மையங்களிலும் பொது முனையங்களை வைத்தார்கள். யார் வேண்டுமானாலும் உட்காரலாம், காசு கிடையாது. நூலகம் என்றால் வீடில்லாதவர்களும் பகல் பொழுதைக் கழிக்க வருகிற இடம் அல்லவா? அவர்களும் உட்கார்ந்தார்கள், தட்டினார்கள், எழுதினார்கள்.

இங்கேதான் கதை வேறு பக்கம் திரும்புகிறது. திரையில் அழுக்குச் சட்டை தெரியாது, நாற்றம் தெரியாது. தெருவில் எதிரே வந்தால் ஒதுங்கிப் போகிறவர்கள், எதிரே இருப்பவர் யார் என்றே தெரியாமல் பதில் எழுதிவிட்டார்கள். தெரிந்த பிறகும் நிறைய பேர் நிறுத்தவில்லை. வீடற்றோர் பிரச்சினையைப் பற்றி எழுதும்போது "அவர்களுக்கு என்ன வேண்டும் என்றால்..." என்று யாராவது ஆரம்பித்தால், 'அவர்களில்' ஒருவரே வந்து இல்லை ஐயா, எங்களுக்கு வேண்டியது இது என்று சொல்லிவிடுவார்.

அப்படி அவர்கள் சொன்னது என்ன தெரியுமா? எங்களுக்கு வேலை வேண்டும், ஆனால் குளிக்காமல், துவைக்காத துணியோடு வேலை கேட்டுப் போக முடியாது, மூட்டையைத் தூக்கிக்கொண்டும் போக முடியாது. அவ்வளவு எளிமையான விஷயம். எத்தனை கமிட்டி போட்டிருந்தாலும் இது வந்திருக்குமா என்பது சந்தேகம். பென்னில் பேசிக்கொண்டிருந்தவர்கள் சிலர் சேர்ந்து 'பென் ஆக்‌ஷன் குரூப்' என்று ஒரு குழு அமைத்தார்கள், அதில் வீடில்லாதவர்களும் உண்டு. மிஷேல் விட்டிக் என்ற உளவியல் பேராசிரியர் முன்வைத்த திட்டத்துக்கு 'ஷ்வாஷ்லாக்' என்று பெயர். ஷவர், வாஷர், லாக்கர் மூன்றையும் ஒட்டிச் செய்த பெயர். கேட்க வேடிக்கையாக இருந்தாலும் ஆட்கள் விடவில்லை. திரையை விட்டு எழுந்து நேரிலும் கூடினார்கள், நகரசபைக் கூட்டத்துக்குப் போய்ப் பேசினார்கள், கடைசியில் சபை பணம் ஒதுக்கியது. ஒரு நகரசபைக் கணினியில் தட்டிய எழுத்து குளியலறையாகவும் பூட்டுப் பெட்டியாகவும் மாறியது என்று வேறு எங்காவது நான் படித்ததில்லை.

இதோடு நிறுத்தினால் தேவதைக் கதையாகிவிடும். மிச்சத்தையும் சொல்ல வேண்டும்.

பதிவு செய்தவர்கள் சில ஆயிரம் பேர் இருந்தாலும் தினமும் எழுதித் தள்ளியவர்கள் கொஞ்சம் பேர்தான். அவர்களில் சிலர் வாயைத் திறந்தால் வசவு. சபை உறுப்பினர் ஒருவர் நல்ல எண்ணத்தில் ஒரு வரி எழுதினால் பத்து பேர் பாய்ந்து பிடுங்குவார்கள். அவர்கள் ஒவ்வொருவராக ஒதுங்கிவிட்டார்கள். பெண்கள் பட்ட பாடு இன்னும் மோசம். எழுத வந்தவர்களைப் பற்றி ஆபாசக் கற்பனைகளை எழுதிப் போட்டார்கள் சில பையன்கள். பெண்கள் 'பென்ஃபெம்' என்று தங்களுக்குள் ஒரு குழு சேர்த்துக்கொண்டு தாக்குப்பிடித்தார்கள். தூக்கிவிட வேண்டியதுதானே என்று நமக்குத் தோன்றும். நடத்துவது அரசாங்கம், அந்த நாட்டில் பேச்சுரிமைக்கு அரசியலமைப்புக் காவல். ஒரு தனியார் கம்பெனி மாதிரி நினைத்ததை அழிக்க முடியாது. பின்னாளில் இணையத்தில் நாம் எல்லோரும் பட்ட அவஸ்தை அத்தனையும் அந்தச் சின்ன ஊரில் அப்போதே நடந்து முடிந்துவிட்டது.

வலை பரவிய பிறகு பென்னின் இடத்தை நகரத்தின் வலைத்தளம் எடுத்துக்கொண்டது. அதே நகரசபை 1998-ல் தொலைத்தொடர்புக்கு ஒரு பெருந்திட்டம் போட்டது. எந்த வேலைக்காகத் தெருவைத் தோண்டினாலும் கூடவே குழாயைப் புதைத்து, சொந்தமாக ஒளியிழைக் கம்பி இழுத்து, தனியாருக்குக் கட்டிய வாடகையை மிச்சம் பிடித்தார்கள். கெட்டிக்காரத்தனம்தான், மறுக்கவில்லை. ஆனால் வலைத்தளம் என்றாலே எல்லா ஊரிலும் வரி கட்ட, படிவம் இறக்க, அறிவிப்பு பார்க்க என்று ஆகிவிட்டது. அதில் நகரசபை பேசும், நாம் கேட்போம். பென்னில் நடந்தது வேறு ஜாதி. ஆம்ஸ்டர்டாமில் 1994 ஜனவரியில் 'டிஜிட்டல் நகரம்' என்று ஆரம்பித்தார்களே, அதில் அந்த வாசனை கொஞ்சம் உண்டு. தேர்தலை ஒட்டி பத்து வாரச் சோதனையாகத் தொடங்கி வருஷக்கணக்கில் ஓடியது. அதைப் பற்றி இன்னொரு நாள்.

கடைசியாக அந்தத் தெருவிளக்கு. ஆயிரத்துச் சொச்சக் கடிதங்களையும் பிரிண்ட் எடுத்து, வார்டு வாரியாகக் கட்டி அலுவலகத்தில் கொடுத்தோம். ஐந்து முறை எழுதியவருக்கு மட்டும் நானே பதில் போட்டேன், தாமதத்துக்கு வருந்துகிறோம் என்று. மறுநாளே பதில் வந்தது. லைன்மேனைக் கையோடு பிடித்து வந்து விளக்கைப் போட்டு இரண்டு வருஷம் ஆகிவிட்டதாம். "இருந்தாலும் பதில் எழுதினீர்களே, நன்றி" என்று முடித்துவிட்டு, கீழே பின்குறிப்பாக, இப்போது தெருமுனைக் குழாயில் தண்ணீர் வருவதில்லை என்று சேர்த்திருந்தார்.