மெட்டைத் தேடி: கம்பம் பள்ளத்தாக்கில் சங்கரதாஸ் சுவாமிகளின் மேடையேறா நாடகங்கள்

மேடையை விட்டு மறைந்த இத்தாலிய ஓபரா ஒன்றை மீட்க நினைக்கும் பாடகருக்கு ஒரு பிடிமானம் உண்டு. 1808-இல் மிலானில் தொடங்கிய ரிக்கார்டி போன்ற பதிப்பகங்கள், பாடுவோர் அனைவருக்குமான சுரக்குறிப்பையும் பியானோவுக்குச் சுருக்கிய பக்க இசையையும் ஒரே நூலாக அச்சிட்டு விற்றன. அந்த நூலின் ஒரு பிரதி கிடைத்தால் போதும், நெடுங்காலம் யாரும் பாடாத இசையமைப்பாளர் மெர்க்கதாந்தேயின் ஓபராவையும் மீண்டும் பாடிவிடலாம். தமிழ் இசை நாடகத்துக்கு இப்படியொரு நூல் அமையவில்லை. தேனி வட்டாரத்தில் பழைய நாடகங்களைத் தேடுபவருக்கு முதலில் எதிர்ப்படும் சிக்கல் இதுதான்.

சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) நாற்பதுக்கும் மேற்பட்ட நாடகங்களை எழுதினார். அச்சில் கிடைப்பவை அவற்றில் பாதிக்கும் குறைவு. அச்சானவற்றிலும் பாட்டின் சொற்கள் இருக்கும், தலைப்பில் ராகமும் தாளமும் இருக்கும்; அல்லது ‘இன்ன பாட்டின் மெட்டு’ என்ற ஒரு வரி இருக்கும். சுரம் இராது. அன்று அதை வாங்கியவர்களுக்கு அந்த மெட்டு காதிலேயே இருந்தது. இன்று அந்த மூலப் பாட்டைத் தேடிப்போனால், அதுவும் வேறொரு பாட்டின் மெட்டில் அமைந்ததாக இருக்கக்கூடும்.

தேனி வட்டாரத்தின் கம்பம் பள்ளத்தாக்கில் இந்த நாடகங்கள் வேரூன்றிய சூழல் கவனிக்கத்தக்கது. 1895-இல் முல்லைப் பெரியாறு அணை முடிந்து, மலையைக் குடைந்த சுரங்கம் வழியே தண்ணீர் இறங்கியது. கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் வயல்கள் செழித்தன. விளைச்சல் பெருகிய ஊர்களில் அம்மன் திருவிழாவுக்கு நாடகம் வைக்கக் கையில் காசும் இருந்திருக்கும் என்பது என் ஊகம். 1928-இல் மதுரை–போடிநாயக்கனூர் ரயில் வந்தபின் நடிகர்களின் பயணமும் எளிதாகியிருக்க வேண்டும். 1996 வரை இப்பகுதி மதுரை மாவட்டத்துக்குள்தான் இருந்தது. நாடகத்துக்கும் மதுரையே தலைநகரம்.

பல நாடகங்கள் ஏன் வழக்கொழிந்தன? சினிமா வந்ததால் என்று சொல்லிவிடுவது வழக்கம். அது பாதி உண்மைதான். மீதிக் காரணம் மேடையின் அமைப்பிலேயே இருக்கிறது. சுவாமிகள் 1918-இல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை போன்ற கம்பெனிகளில் சிறுவர்கள் ஒன்றாகத் தங்கிப் பாடம் படித்தார்கள்; எத்தனை நாடகங்களையும் ஒத்திகை பார்த்து ஏற்ற முடிந்தது. தனித்தனியே அமர்த்தப்படும் நடிகர்கள் ஓரிரவுக்கு மட்டும் கூடும் ‘ஸ்பெஷல் நாடக’த்தில் அது நடவாது. ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் ஓர் ஊர், பபூன் ஓர் ஊர். ஒத்திகையே இல்லாமல் இரவு பத்து மணிக்கு மேடையில் கூடி விடியவிடிய நடிப்பார்கள். எல்லோருக்கும் மனப்பாடமான நாடகம்தான் அங்கே எடுபடும். அதனால் வள்ளி திருமணமும் பவளக்கொடியும் சத்தியவான் சாவித்திரியும் வாழ்ந்தன. மிருச்சகடியும் ரோமியோவும் ஜூலியத்தும் ஒதுங்கின.

இந்த மேடையில் இசையின் காவலர் ஆர்மோனியக்காரர். சுருதி கொடுப்பது, பின்பாட்டுப் பாடுவது, மறந்தவருக்கு அடி எடுத்துக் கொடுப்பது எல்லாம் அவரே. ஆய்வாளர்கள் நடிகர்களைப் பற்றி எழுதிய அளவுக்கு இவர்களைப் பற்றி எழுதாதது பெரிய குறை என்பேன்.

தெரிந்த மெட்டில் புதுச் சொல்லை ஏற்றும் பழக்கம் நாடகத்தோடு நிற்கவில்லை. இதே வட்டாரத்துப் பண்ணைப்புரத்தைச் சேர்ந்த பாவலர் வரதராசன் கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் இப்படித்தான் மக்களைக் கட்டிப்போட்டார். 1958-இல் கேரளத்தின் தேவிகுளம் இடைத்தேர்தலில் அவர் பாட்டு மலையேறி ஒலித்தது. அவர் குழுவில் வளர்ந்த தம்பி இளையராஜா.

தேடும் வழி என்ன? சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் பழைய பாட்டுப் புத்தகங்களும் நாடக நோட்டீசுகளும் உள்ளன. எந்த நாடகம் எந்த ஊரில் எப்போது நடந்தது என்பதற்கு நோட்டீசே நல்ல சாட்சி. நாடக மேடைப் பாடகர்களான எஸ். ஜி. கிட்டப்பா, கே. பி. சுந்தராம்பாள் ஆகியோரின் இசைத்தட்டுகள் சில மெட்டுகளை உறுதி செய்யும். சினிமாவை மட்டும் அப்படியே நம்பக் கூடாது. 1934-இன் பவளக்கொடி படத்துக்குப் பாட்டமைத்தவர் பாபநாசம் சிவன். அதை நாடக மெட்டாகக் கொள்வது பிழை. கடைசியில் போய்ச் சேர வேண்டிய இடம் பழைய நடிகர்களின் கையெழுத்து நோட்டுகளும், அவற்றைப் பார்த்தவுடன் கட்டையில் விரல் வைக்கத் தெரிந்த ஆர்மோனியக்காரர்களும்தான். நோட்டைப் படமெடுக்கும்போதே, அதற்குரியவரைப் பாடச் சொல்லி ஒலிப்பதிவும் செய்துவிட வேண்டும். நோட்டு மட்டும் மிஞ்சினால், அச்சுப் புத்தகத்தில் உள்ள அதே குறை அதிலும் தொடரும்.