தயிரும் குழந்தைகளின் வயிற்றுப்போக்கும் – ஒரு சிறு வரலாறு

தொண்டாமுத்தூர்ப் பக்கம் குழந்தைக்கு "வயித்தால போகுது" என்றால் வீட்டில் முதலில் தேடுவது மோரைத்தான். தண்ணியாகக் கரைத்த மோரில் ஒரு சிட்டிகை உப்பு. கொஞ்சம் பெரிய பிள்ளை என்றால் தயிரில் ஊறவைத்த வெந்தயம். பசி வந்ததும் குழைய வடித்த சோற்றில் தயிர் விட்டுப் பிசைந்து நாலு வாய். பாட்டி சொன்னதை அம்மா செய்கிறாள், அவ்வளவுதான்.

இந்த வைத்தியம் எவ்வளவு பழசு? சரக சம்ஹிதையிலேயே வயிற்று நோய்களுக்கு மோர் சொல்லப்பட்டிருக்கிறது. தமிழில் தேரையர் பெயரில் வழங்கும் பாடலும் மோரை நீர் விட்டுப் பெருக்கிக் குடிக்கச் சொல்கிறது. ஆனால் தயிருக்குள் என்ன இருக்கிறது என்று விஞ்ஞானிகள் தேடத் தொடங்கியது 20-ஆம் நூற்றாண்டில்தான்.

மருந்துக்கடையில் விற்ற தயிர்

1905-ல் ஜெனீவாவில் இருந்த பல்கேரிய மருத்துவ மாணவர் ஸ்டாமன் கிரிகோரோவ், தன் நாட்டுத் தயிரில் உள்ள பாக்டீரியாவைக் கண்டுபிடித்தார். பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் இருந்த ரஷ்ய விஞ்ஞானி மெச்னிகாஃப் இதில் ஆர்வம் கொண்டார். குடலில் உள்ள கெட்ட கிருமிகளைப் புளித்த பால் அடக்கும், ஆயுளும் கூடும் என்பது அவர் கருத்து. 1908-ல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. (தயிருக்காக அல்ல, நோய் எதிர்ப்பு சக்தி பற்றிய ஆய்வுக்காக!)

1919-ல் ஸ்பெயினின் பார்சிலோனா நகரில் ஐசக் கராசோ என்பவர் பாஸ்டர் நிறுவனத்திலிருந்து பாக்டீரியாவை வரவழைத்துத் தயிர் தயாரித்தார். அங்கே அப்போது குழந்தைகளுக்குக் குடல் கோளாறு அதிகம். அதனால் அந்தத் தயிர் மருந்துக்கடைகளில் விற்கப்பட்டது! மகன் டேனியலின் செல்லப் பெயரை வைத்து அதற்கு 'டானோன்' என்று பெயரிட்டார். இன்றைய பன்னாட்டு டானோன் நிறுவனம் தொடங்கியது இப்படித்தான். நம் கிராமங்களில் வெண்ணெய் எடுத்த மோரை அக்கம்பக்கத்தாருக்குச் சும்மா ஊற்றிக் கொடுப்பார்கள். அதன் உறவுக்காரப் பொருள் அங்கே காசு கொடுத்து வாங்கும் மருந்தாகிவிட்டது.

தயிர் என்னதான் செய்கிறது?

வயிற்றுப்போக்கின்போது குடலின் உட்சுவர் புண்பட்டு, பாலில் உள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரையைச் செரிக்கும் நொதி குறைந்துவிடும். பால் குடித்தால் சில குழந்தைகளுக்குப் போக்கு கூடுவது இதனால்தான். தயிரில் அந்தச் சர்க்கரையில் ஒரு பகுதியைப் பாக்டீரியாவே குறைத்துவிடுகிறது.

அல்ஜீரியாவில் நீடித்த வயிற்றுப்போக்கு உள்ள குழந்தைகளுக்குப் பாலைவிடத் தயிர் நன்றாக ஒத்துக்கொண்டதாக 1990-ல் ஓர் ஆய்வு வெளியானது. 1998-ல் வெளியான டெல்லி ஆய்விலோ பெரிய வித்தியாசம் தெரியவில்லை. 2018-ல் வெளியான அமெரிக்க, கனடா ஆய்வுகளில் 'புரோபயாட்டிக்' எனப்படும் நல்ல பாக்டீரியா மருந்துகளும் பலன் தரவில்லை. ஆக, தயிர் ஒரு நல்ல உணவு. பேதியை நிறுத்தும் மருந்து என்று அடித்துச் சொல்ல முடியாது.

உயிரைக் காப்பது எது?

பேதியில் குழந்தைகள் இறப்பது பெரும்பாலும் உடம்பில் உள்ள நீரும் உப்பும் வெளியேறிவிடுவதால்தான். 1971 வங்கதேசப் போரின்போது மேற்கு வங்கத்தின் பங்காவ் அகதி முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் சலைன் போதவில்லை. டாக்டர் திலீப் மஹாலனாபிஸ் குளுக்கோஸ், உப்பு, சமையல் சோடா மூன்றையும் தண்ணீரில் கரைத்து, நோயாளிகளின் உறவினர்களையே புகட்டச் சொன்னார். 30 சதவீதம் வரை இருந்த இறப்பு 3.6 சதவீதமாகக் குறைந்தது! சர்க்கரை குடலிலிருந்து உடம்புக்குள் உப்பைக் கூட்டிக்கொண்டு போகும், உப்பின் பின்னால் தண்ணீர் போகும். இதுதான் சூட்சுமம். 2022-ல் அவர் காலமானார். 2023-ல் பத்ம விபூஷண் அறிவிக்கப்பட்டது.

அப்படியானால் பாட்டி செய்தது தவறா? இல்லை. உப்பு போட்ட மோரிலும் தண்ணீர், உப்பு, கொஞ்சம் சர்க்கரை உண்டு. அளவுதான் சரியாக இருக்காது. ஆனால் "வயிறு காயட்டும்" என்று சோறு தண்ணியை நிறுத்திப் பட்டினி போடும் பழக்கமும் பல வீடுகளில் இருந்தது. மேல்நாட்டு டாக்டர்களும் நெடுங்காலம் பட்டினியைத்தான் சொன்னார்கள். ஏற்கெனவே மெலிந்த குழந்தைக்கு அது பெரிய ஆபத்து. தயிர்ச்சோறு ஊட்டிய கை, குழந்தை சாப்பிடுவதை நிறுத்தவிடவில்லை. தயிரின் பெரிய உதவி அதுதான்.

இன்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதும் இதையே: ஓ.ஆர்.எஸ். கொடுங்கள், உணவை நிறுத்தாதீர்கள். 2004 முதல் துத்தநாக மாத்திரையும் சேர்ந்துகொண்டது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குத் தாய்ப்பாலும் ஓ.ஆர்.எஸ்.-ஸும்தான், மோரோ தயிரோ கூடாது. கண் குழி விழுந்தாலோ, சிறுநீர் நின்றாலோ, மலத்தில் ரத்தம் வந்தாலோ, குழந்தை துவண்டு கிடந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டியதுதான்.

மோர்ச் சட்டி வீட்டில் இருக்கட்டும். பக்கத்திலேயே இரண்டு ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டும் இருக்கட்டும்!